தமிழ்மாறனின் சாட்சி

தரங்கம்பாடி
3 நவம்பர் 2024

தஹ்மீனா,

அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், மீதியையும் படித்துவிடு. அப்பா இறந்தபோது நீ அனுப்பிய செய்திக்குக்கூட நான் பதில் போடவில்லை. அந்தக் கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்கே தெரியாது. இப்போது பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் என் ஃபோனை தங்கை நவமணி எடுத்துப் பார்க்கிறாள், பார்த்ததை அவரிடம் சொல்கிறாள். இரகசியமாக அல்ல, அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். நீ பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது.

அவர் என்று நான் சொல்வது சகோதரர் தமிழ்மாறனை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர். பொறையாரில் வாடகைக்கு வீடு பிடித்துத் தனியாக ஜெபக்கூட்டம் நடத்துகிறார். நவமணி வேலை பார்க்கும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளுக்காக ஜெபிக்க வந்தவர், இப்போது என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறார். ஜனவரியில் கல்யாணம். டிசம்பர் கடைசியில் எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றால் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள்.

எனக்கு ஒரு தடை தெரிகிறது. அது என்னவென்று சொல்லத்தான் தெரியவில்லை.

அவருடைய பிழைப்பே அவருடைய சாட்சிதான். 'நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார்' என்று மேடையில் சொல்வது. கத்தி எடுத்தது, சாராயம், ஒரு மதகடியில் கண்ணைக் கூசும் வெளிச்சம், எல்லாம் வரும். கேட்டவர்கள் அழுவார்கள். நானும் முதல் தடவை அழுதேன். ஆனால் அடுத்தடுத்துக் கேட்டபோது அதே கதை அதே மாதிரி இல்லை. அவருக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாள். அவள் எப்படிச் செத்தாள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

எங்கள் கோயில் மண்டபத்தில் அன்றைக்கு நீ பேசினாயே, பவுல் தன் கடிதங்களில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை எவ்வளவு நம்பலாம் என்று. அப்பா பாதியில் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் வேதத்தைத் தொட உனக்கு என்ன உரிமை என்று வாசலில் வைத்துக் கேட்டேன். இன்றைக்கு அதே வேலையை ஒரு மனுஷன் விஷயத்தில் செய்துகொடு என்று கேட்கிறேன். அவர் குடவாசல் பக்கத்துக்காரர் வேறு. உன் ஊர்ப் பக்கம்.

சுகிர்தா


டெல்லி
9 நவம்பர் 2024

சுகிர்தா,

கிழிக்கவில்லை. வகுப்புக்குப் போகாமல் நின்றபடியே படித்தேன்.

நீ பாதியில் கேள்வி கேட்காமல் போனதுதான் எனக்கு வலித்தது. உன் அப்பா போனது அல்ல. அவர் பெரியவர், போகலாம். பின்பாதியை நீ கேட்டிருந்தால், பவுல் தன்னைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றுதான் நான் முடித்தேன் என்பது தெரிந்திருக்கும். சோதித்துப் பார்ப்பதும் பொய் என்று சொல்வதும் ஒன்றல்ல. இதைச் சொல்ல இத்தனை வருஷம் காத்திருந்தேன், சொல்லிவிட்டேன், இதோடு விடுகிறேன்.

நான் படிப்பது செத்துப் பல நூற்றாண்டு ஆனவர்களின் கடிதங்களை. உயிரோடு இருக்கும் ஒருவரை இப்படிப் பார்த்ததில்லை. தப்பாகப் போனால் ஒரு பெண்ணின் கல்யாணம் போகும். அதனால் இப்போதைக்கு முடிவு எதுவும் சொல்லமாட்டேன். நீ எனக்கு ஒன்று செய். அவர் எங்கெங்கே, யார் முன்னால், என்ன வார்த்தையில் சொன்னார் என்று நினைவிருப்பதை அப்படியே எழுது. உன் சந்தேகத்தைக் கலக்காதே.

மூன்று விஷயத்தைக் கவனி. கேட்கிறவர்களுக்கு அவரை முன்பே தெரியுமா? கலாத்தியருக்கு எழுதும்போது பவுல், என் பழைய நடத்தையை நீங்களே கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்கிற மாதிரித் தொடங்குகிறார். தெரிந்தவர்கள் முன்னால் பெரிய பொய் சொல்வது கடினம். இரண்டாவது, கேட்காமலே எந்த இடத்தில் சத்தியம் செய்கிறார்? அதே கடிதத்தில், எருசலேமில் இன்ன இருவரைத் தவிர வேறு அப்போஸ்தலரைப் பார்க்கவில்லை என்கிற சின்ன விஷயத்துக்குப் பவுல் கடவுளைச் சாட்சிக்கு இழுக்கிறார். ஏன் அங்கே? யாரோ அதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால். சத்தியம் வருகிற இடத்தில் ஒரு சண்டை இருக்கிறது.

மூன்றாவதுதான் சிக்கல். தனக்கு அவமானம் தருவதை ஒருவன் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்பது எங்கள் துறையில் பழைய கணக்கு. தமஸ்கு நகரத்து மதிலிலிருந்து தன்னைக் கூடையில் வைத்து இறக்கியதைப் பவுலே சொல்கிறார். வீரனுக்கு அழகான கதை இல்லை. ஆனால் அவர் தன் பலவீனத்தையே பெருமையாகப் பேசுகிற இடம் அது. சாட்சி சொல்கிறவருக்கும் அப்படித்தான். பழைய பாவம் பெரிதானால் மேடையும் பெரிதாகும். அதனால் அவர் சத்தம் போட்டுச் சொல்லும் அவமானத்தை விட்டுவிடு. எந்த அவமானத்தால் அவருக்கு ஒரு லாபமும் இல்லையோ அதைத் தேடு.

யாரிடமும் எதுவும் விசாரிக்காதே. நினைவிலிருந்து மட்டும் எழுது.

தஹ்மீனா


தரங்கம்பாடி
16 நவம்பர் 2024

தஹ்மீனா,

பின்பாதியைக் கேட்காததற்கு வருத்தப்படுகிறேன். இனி நீ கேட்டது.

காரைக்கால் கன்வென்ஷனில், பெரிய கூட்டம், யாருக்கும் அவரைத் தெரியாது. "நான் குடிச்சுட்டு வாசல்ல கிடந்தேன். உள்ளே என் மனைவி காய்ச்சல்ல செத்துக்கிட்டிருந்தா. ஒரு வாய் தண்ணி கேட்டா, குடுக்க நாதியில்ல." கூட்டம் முழுவதும் அழுதது.

திருவாரூரில் ஒரு வீட்டுக் கூட்டம். அவர் ஊர்க்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அன்று கத்தியும் இல்லை, மனைவியும் இல்லை. "வாலிபத்துல வழி தவறித் திரிஞ்சேன்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். பேச்சு சீக்கிரம் முடிந்தது.

நவமணி ஃபோனில் வைத்திருக்கும் பிரசங்க வீடியோவில் அந்த மனைவி வெள்ளத்தில் போகிறாள். "குடமுருட்டி ஆத்துல தண்ணி கரை தட்டிப் போகுது. நான் குதிச்சேன். தேவன் அறிவார், நான் பொய் சொல்லலை, என் கைக்கு எட்டவே இல்ல." அந்த இடத்தில் மட்டும் சத்தியம். நீ எழுதிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. வேறு எங்கும் அவர் சத்தியம் செய்து நான் கேட்டதில்லை.

கடைசியாக எங்கள் வீட்டில். போன மாதம் ஒரு மாலை, விடாமல் மழை. வாய்க்கால் பொங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அவர் ஒரு மாதிரி இருந்தார். ஜெபம் செய்யலாம் என்று முழங்காலில் நின்றவர் வழக்கமான ஜெபம் எதையும் சொல்லவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, எங்களுக்காக இல்லாமல், "அவ கூந்தல் இந்தக் கையிலதான் இருந்துச்சு ஆண்டவரே" என்றார். பிறகு எழுந்து, சாப்பிடாமல் போய்விட்டார். நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்க்கா, எவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்தப் பாத்திருக்கார்" என்றாள்.

எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

என் சந்தேகத்தைக் கலக்காதே என்றாய், கலந்துவிட்டேன்.

சுகிர்தா


டெல்லி
21 நவம்பர் 2024

சுகிர்தா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தப்பாகப் பார்க்கிறேனோ என்று என்னையே மறித்துக்கொண்டேன். முடியவில்லை.

காய்ச்சலைத் தள்ளிவிடு, அது முன்பின் தெரியாத கூட்டத்துக்குச் சொன்னது. தமஸ்குக் கூடையைப் பவுலும் சொல்கிறார், அப்போஸ்தலர் நடபடிகள் என்கிற புத்தகமும் சொல்கிறது. யாருக்குப் பயந்து தப்பினார் என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கூடை இரண்டிலும் இருக்கிறது. காரணத்தில் முரண்பட்டாலும் இரண்டு பக்கமும் விடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் நடந்ததாக இருக்கும். இங்கே அது தண்ணீர்: வீடியோவில் ஆறு, உன் வீட்டில் வாய்க்கால் சத்தம்.

இனி இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்றில் கைக்கு எட்டவே இல்லை. இன்னொன்றில் கூந்தல் கையில் இருந்தது. முதலாவது சத்தியத்தோடு, ஆயிரம் பேர் பார்க்க. இரண்டாவது சத்தியமில்லாமல், யாருக்கும் இல்லாமல், எந்த லாபமும் இல்லாமல். எது உண்மை என்று என்னைக் கேட்டால், ஒரு ஆய்வுப் பேப்பரில் எழுத எனக்குத் தயக்கமே இருக்காது. ஆனால் இது பேப்பர் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

குடவாசல் கடைத்தெருவில் என் மாமி ஹாஃபிஸா தையல் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் அவரிடம்தான் ஜாக்கெட் தைப்பார்கள். ஆற்றில் போன ஒரு பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஃபோனில் மெதுவாகக் கேட்டேன். வழக்கமாக வாய் ஓயாதவர், தமிழ்மாறன் பெயரைக் கேட்டதும், "யாரு கேக்கச் சொன்னா?" என்றார். சொன்னேன். "கல்யாணப் பொண்ணோட அக்காவை மட்டும் வரச் சொல்லு. வேற யார்கிட்டயும் வாயைத் தொறக்க வேணாம்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

போ. துணி எடுத்துக்கொண்டு போ, தைக்கக் கொடுக்க வந்த மாதிரி.

தஹ்மீனா


தரங்கம்பாடி
1 டிசம்பர் 2024

தஹ்மீனா,

போனேன். அவள் உயிரோடு இருக்கிறாள்.

இதை ஒழுங்காகச் சொல்கிறேன். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, காரைக்கால் போய் அங்கிருந்து நன்னிலம் வழியாக பஸ். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. உன் மாமி என்னிடமிருந்து துணியை வாங்கி, நிஜமாகவே அளவெடுத்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே மிஷினில் ஒருத்தி குனிந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "அம்சம், இந்தம்மாதான்" என்றார் மாமி.

அம்சம் மிஷினை நிறுத்தவில்லை. அந்த ஓரத்தை முடித்து, நூலை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அழவில்லை. என்னை நம்புங்கள் என்றும் சொல்லவில்லை.

"வெள்ளம் வந்த வருஷம். துணி அலசப் போனேன். அந்த ஆளு குடிச்சுட்டுப் பின்னாலயே வந்துச்சு. சோத்துல உப்பு இல்லன்னு காலையில ஒரு சண்டை, அவ்வளவுதான். கூந்தலைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குச்சு. மூச்சை அடக்கிக்கிட்டு உடம்பைத் தளர விட்டுட்டேன். செத்துட்டேன்னு விட்டுச்சு. ஆறு இழுத்துட்டுப் போச்சு. கோரையைப் புடிச்சு, கொஞ்ச தூரம் நீந்தி, கரையேறி மாமிகிட்ட வந்தேன். இவங்களுக்குத்தான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக் குடுப்பேன் அப்போ."

உன் மாமி அவளைக் கூத்தாநல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாராம். சில நாள் கழித்து ஆற்றின் கீழ்க்கோடியில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகம் அடையாளம் தெரியாத நிலை. அவன் போய், என் மனைவிதான் என்று சொல்லி வாங்கி, எரித்து, காரியமும் செய்துவிட்டான். அம்சம் செத்தவளாகவே இருந்துவிட்டாள். "செத்தவளைத் தேடி யாரும் வரமாட்டாங்கல்ல" என்றாள். அவன் ஊரை விட்டுப் போய்ப் பிரசங்கியான பிறகுதான் குடவாசலுக்குத் திரும்பியிருக்கிறாள்.

யோசித்துப் பார், தஹ்மீனா. தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒருவன் அதன் மேல் நின்று பிரசங்கம் செய்கிறான். போதகர் கேட்டபோது மனைவியின் இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அசல் சான்றிதழ். அதில் சொல்ல ஒரு குறையும் இல்லை. நான் ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்றால் எதைக் காட்டுவேன்? அம்சத்தைத்தான் காட்ட வேண்டும். காட்டினால் அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.

இதற்குள் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம். நேற்று அவன் வீட்டுக்கு வந்தான். நவமணி காபி போட உள்ளே போனாள். சிரித்தபடியே கேட்டான்.

"அக்கா குடவாசல் போயிருந்தீங்களாமே."

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போனேன்."

"பொறையார்ல தையக்காரங்களே இல்லையா?"

"ஃபிரெண்டோட மாமி கடை."

"அந்தப் பக்கம் இப்போ ஆத்துல தண்ணி ஜாஸ்திக்கா. கரையோரம் போனா பாத்துப் போங்க" என்றான். காபியைக் குடித்துவிட்டு எங்கள் இருவருக்காகவும் ஜெபம் செய்தான். என் தலையில் கை வைத்தான். அந்தக் கைதான். நான் அசையவில்லை.

நான் போனதைச் சொன்னது நவமணிதான். அவளைத் திட்டவும் முடியவில்லை.

சுகிர்தா


டெல்லி
5 டிசம்பர் 2024

சுகிர்தா,

கடிதம் கையில் கிடைத்ததும் மாமிக்கு ஃபோன் செய்தேன். ஒருவன் கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவனா, அவன் ஆளா, தெரியாது. மாமி அம்சத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டார். தையல் வேலை வீட்டிலேயே நடக்கிறது.

நான் செத்தவர்களோடு பழகியவள். அவர்கள் சொன்னதைச் சரிபார்த்தால் யாருக்கும் அடி விழாது. இங்கே நாம் சரிபார்க்கப் போனதே ஒரு பெண்ணின் வாசலுக்கு வழி காட்டியிருக்கிறது. போகச் சொன்னது நான்தான். தூக்கம் இல்லை.

கோயிலில் எழுந்து நிற்காதே. அவள் பெயரை எங்கேயும் சொல்லாதே, உன் போதகரிடம்கூட. நவமணியை எப்படியாவது தள்ளிப்போடச் சொல். மீதியை அம்சம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கிறிஸ்துமஸ் லீவில் டிக்கெட் போட்டிருக்கிறேன். அதுவரை அவனோடு தனியாக இருக்காதே. உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா பார். இதெல்லாம் ஒரு வரலாற்று ஆசிரியை எழுதுகிற புத்திமதியா என்று சிரிப்பாய். சிரி, ஆனால் பார்.

தஹ்மீனா


தரங்கம்பாடி
19 டிசம்பர் 2024

தஹ்மீனா,

உன் மாமி ஃபோனில் எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. நான் முழுவதும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் மாமி பள்ளி அலுவலகத்துக்குப் பேசினார். "அவளே உங்க தங்கச்சியைப் பாக்கணும்கறா. நான் வேணாம்னு சொல்லிப் பாத்துட்டேன்" என்றார். நவமணியை டியூட்டி முடிந்த கையோடு காரைக்காலில் மாமியின் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குப் போயிருக்கும். மாமியும் அம்சமும் அங்கே காத்திருந்தார்கள்.

அம்சம் தான் யார் என்று சொன்னதும் நவமணி என் பக்கம் திரும்பி, "யாரையோ கூட்டிட்டு வந்து நாடகம் போடறீங்களாக்கா?" என்றாள். அம்சம் அதற்குக் கோபப்படவில்லை. என்னிடம் சொன்னதையே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவளிடமும் சொன்னாள். நவமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அவர் காப்பாத்தத்தானே புடிச்சிருப்பார்? தண்ணியில உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். கெஞ்சுகிற குரல்.

"காப்பாத்தறவன் மேல இழுப்பான்மா" என்றாள் அம்சம்.

நவமணி என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழித்து அவளே ஃபோனை அணைத்து என் பையில் போட்டாள்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷன் போகலாம் என்றது அம்சம்தான். "இது தெரிஞ்சா அந்த ஆளு உங்க ரெண்டு பேரையும் சும்மா விடாது. நான் வெளிய வந்துட்டா ஒளிக்க ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் ஊர் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்குப் போனோம். எழுத்தர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இருக்கவங்க செத்துட்டாங்கம்மா. செத்தவங்க பேர்ல எப்படிப் புகார் வாங்கறது?" என்று கேட்டார். உன் மாமி, "நாற்காலி போடுங்க, செத்தவங்க நின்னுக்கிட்டிருக்காங்க" என்றார். அதன் பிறகு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கேட்ட விதம் எனக்கு உன்னை நினைவுபடுத்தியது. ஒரே கேள்வியை நேரம் விட்டு வேறு வேறு மாதிரி கேட்டார். அம்சத்தின் பதில் மாறவே இல்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எதற்கு என்று சொல்லவில்லை போலிருக்கிறது. ஜெபக்கூட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேரோடு, வெள்ளைச் சட்டையில் வந்தான். நான், நவமணி, உன் மாமி, மூவரும் சுவரோரம் நின்றோம். அம்சம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் உள்ளே வந்து என்னைப் பார்த்தான், நவமணியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

ஒரு மனுஷனின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நொடியில் அவன் உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அவள் மேல் பாய்வான் என்றும் நினைத்தேன். அவன் இரண்டு கையையும் தூக்கி முழங்காலில் விழுந்தான்.

"கர்த்தர் இவளை எழுப்பிட்டார். மரிச்சவளை உயிரோட எழுப்பிக் குடுத்துட்டார்" என்றான். மேடைக் குரல். வாசலில் நின்றவர்கள், "ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒரு பெண் அழத் தொடங்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவன் செய்ததே ஒரு பெரிய சாட்சியாகியிருக்கும், அந்த ஊர் நம்பியிருக்கும்.

அம்சம் அவனைக் குனிந்து பார்த்தாள்.

"யாரும் எழுப்பலை. நானே நீந்திக் கரையேறினேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். வாசல் வரை கேட்டது. அடுத்த ஸ்தோத்திரம் யாருக்கும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார்.

இப்போது அவன் காவலில் இருக்கிறான். ஜாமீன் கேட்பான், கிடைக்கவும் கூடும் என்கிறார்கள். அவனுடைய கூட்டத்தார் சிலர் எங்கள் தெருவில் நின்று பேசுகிறார்கள். ஒரு சபை ஊழியரைப் பெண்கள் சேர்ந்து மாட்டிவிட்டார்கள் என்று காதில் விழுகிறது. போதகர் ஓலையை நிறுத்திவிட்டார். நவமணி வேலைக்குப் போகிறாள். நான் கொண்டுவிட்டு, நானே போய் அழைத்து வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் சத்தம் கேட்டால் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம். அம்சம் குடவாசலில் கடை வாசலிலேயே மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். நீ வா. வந்தால் முதலில் அங்கே போவோம்.

இன்னொன்று. வாக்குமூலம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டி, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். நாங்கள் கிளம்பத் தயாராகிவிட்டோம். அம்சம் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"அன்னிக்கு என் பேரைச் சொல்லி ஒரு பொண்ணை எரிச்சாங்களே. அது யாரு?" என்றாள். "அதையும் தேடி இருப்பாங்கல்ல யாராச்சும்."

இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவைத் திறந்து, புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

சுகிர்தா